பையும் பழியும்

"மக்கள் திருந்தவேண்டும்!" இந்த இரண்டு சொற்களைக் கேட்டுக் கேட்டு நம் காது புளித்துவிட்டது. தெருமுனையில் குப்பை குவிந்தால் மக்கள் திருந்தவேண்டும். வாய்க்காலில் நெகிழிப் பை அடைத்துக்கொண்டால் மக்கள் திருந்தவேண்டும். திருந்தவேண்டியவர் பட்டியலில் தேநீர்க்கடைக்காரர் இருக்கிறார். கூடையில் கீரை விற்கும் அம்மையார் இருக்கிறார். வேலை முடிந்து வீடு திரும்பும்போது இரண்டு இட்லியும் ஒரு பை சாம்பாரும் வாங்கிச் செல்லும் கொத்தனார் இருக்கிறார். அந்தப் பையைச் செய்தவர் மட்டும் பட்டியலில் இல்லை. அதில் கலந்த பொருள் இன்னதென அறிந்தவர் இல்லை. அறிந்தும் வாய் திறவாதவர் இல்லவே இல்லை! விழா மேடையில் மாலையோடு அமர்ந்து, மக்கள் திருந்தவேண்டுமென அறிவுரை வழங்குபவராக மட்டுமே அவர் நமக்குக் காட்சி தருகிறார்.

இந்தக் குரல் நமக்குப் புதிதன்று. குழந்தை மணத்தைத் தடுக்கச் சாரதா சட்டம் 1929 இல் வந்தபோது, "சட்டம் போட்டு மனத்தை மாற்ற முடியுமா?" என்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியபோதும் அதே பாட்டுத்தான். அந்த முறை சட்டத்தால் ஒழிய 1947 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. மறுபக்கமும் ஒன்றுண்டு. மனம் மாறியவர் ஆயிரமாயிரவர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டனர். ஆனால் சட்டம் மாறாததால் அவர்களுடைய மணம் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. மனைவி மனைவியல்லள், மக்கள் மக்களல்லர் என்ற இழிவு சூழ்ந்தது. 1967 இல் அண்ணா ஆட்சியில் திருத்தச் சட்டம் வந்த பின்னரே அந்தத் துன்பம் தீர்ந்தது. மனமாற்றம் ஒன்றே போதுமென்போர் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

உணவுப் பொதிகளில் உள்ள நஞ்சைப் பற்றி எழுத வந்த நாம் திருமணச் சட்டத்தைப் பேசுவானேன் எனத் தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. இங்கும் கேள்வி அதுவே. தனியொருவர் விழிப்பாக இருப்பதால் தீரக்கூடிய தீங்கா இது, அல்லது சட்டத்தின் கை நீண்டால்தான் தீருமா?

முதலில் பகுத்தறிவாளர்க்குரிய எச்சரிக்கை ஒன்று. நெகிழி என்றாலே நஞ்சு என்று கூவுவது அறிவியலன்று. 2017 இல் தென்னாட்டில் ஒரு புரளி பரவியது நினைவிருக்கும்: கடையில் விற்பது நெகிழி அரிசியாம், நெகிழி முட்டையாம்! சோற்றை உருட்டிப் பந்தாக்கித் தரையில் அடித்து, "துள்ளுகிறது பார், பிளாஸ்டிக்!" என்று கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினர். கஞ்சிப் பசையுள்ள எந்தச் சோறும் அப்படித்தான் துள்ளும். இல்லாத நெகிழி அரிசிக்கு அஞ்சிய அதே வீட்டார், அன்று மாலை கொதிக்கக் கொதிக்க இரசத்தை மெல்லிய பையில் கட்டி வாங்கிவந்தனர். பேய்க்கு அஞ்சும் மனம் பாம்பைக் காணத் தவறுகிறது.

பாம்பு எங்கே இருக்கிறது? நெகிழி என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் பல குடும்பங்கள். பாலிஎத்திலீன் ஒரு குடும்பம், பாலிஸ்டைரீன் ஒன்று, நாம் தெர்மக்கோல் என்பது அதன் நுரைத்த வடிவம், பி.வி.சி. என்னும் பாலிவினைல் குளோரைடு ஒன்று, பாலிகார்பனேட் ஒன்று. பாலிஎத்திலீனின் நீண்ட சங்கிலி மூலக்கூறு எளிதில் எதனோடும் வினைபுரிவதில்லை. தொல்லை தருபவை பெரும்பாலும் அதில் சேர்க்கப்படும் கூட்டாளிகள்: நிறம் தருபவை, நெகிழ வைப்பவை, வெயிலைத் தாங்க வைப்பவை, தீப்பற்றாமல் காப்பவை. 2024 மார்ச்சில் வெளியான பிளாஸ்ட்கெம் என்னும் அறிவியல் அறிக்கை, நெகிழிகளில் பயன்படும் அல்லது காணப்படும் வேதிப்பொருள்கள் 16,000 க்கு மேல் என்று கணக்கிட்டது. அவற்றுள் 4,200 க்கு மேற்பட்டவை உடலுக்கோ சூழலுக்கோ தீங்கானவை என்றும் அது கூறியது.

ஒன்றை மட்டும் விளக்குவோம். பி.வி.சி. தன்னியல்பில் விறைப்பானது, நீர்க்குழாய் செய்ய உதவும் பொருள் அது. அதை மென்படலமாக்க, எண்ணெய் போன்ற தாலேட் என்னும் பொருளை நிறையச் சேர்க்கின்றனர். இந்தத் தாலேட் நெகிழியோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டதன்று. பஞ்சில் ஊறிய எண்ணெய்போல் இடுக்குகளில் தங்கியிருப்பது. சூடு பட்டால் வெளியேறும். கொழுப்பைக் கண்டால் அதனோடு கலக்கும். நெய், நல்லெண்ணெய், ஊறுகாய் யாவும் அதற்கு நல்ல வாகனங்கள். தாலேட்களுள் சில, உடலின் சுரப்பிகள் விடுக்கும் செய்தியைக் குழப்பி இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைக் கெடுப்பவை என்பதால், ஐரோப்பியச் சட்டம் அவற்றை இனப்பெருக்க நஞ்சு என வகைப்படுத்தியுள்ளது. தெர்மக்கோலின் மூலப்பொருளாகிய ஸ்டைரீனை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018 இல் மதிப்பிட்டது.

இவற்றை நாவால் அறிய முடியுமா? மூக்கால் அறிய முடியுமா? புளித்த மாவை வாங்கிய இல்லத்தரசி முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தாலேட்டை எந்த மூக்கு கண்டது? விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்கின்றனரே, விழித்துப் பார்த்தாலும் தெரியாத பொருளுக்கு விழிப்புணர்வு என்ன செய்யும்?

தெரிந்தவர்கள் என்ன செய்தனர் என்பதற்கு வரலாறு விடை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம். அங்கே குட்ரிச் நிறுவனத்தின் பி.வி.சி. தொழிற்சாலை. வினைல் குளோரைடு என்னும் வளியைப் பெருங்கலன்களில் அடைத்துப் பி.வி.சி. ஆக்குவது தொழில். கலனின் உட்சுவரில் படியும் பசையைத் தொழிலாளர் உள்ளே இறங்கிச் சுரண்டி எடுக்கவேண்டும். அந்தத் தொழிலாளரைக் கவனித்து வந்த மருத்துவர் ஜான் கிரீச், கல்லீரலின் இரத்தக் குழாய்களில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் அவர்களிடையே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். அது மிக மிக அரிய நோய். ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுதும் ஒருமுறைகூடக் காணாமல் போகலாம். ஒரே ஆலையில் மூன்று பேர் மாண்டனர் என்ற செய்தி 1974 ஜனவரியில் வெளிப்பட்டது.

வெளிப்பட்டது என்றோம், அப்போதுதான் தெரிந்தது என்று கூறவில்லை! இத்தாலிய ஆய்வாளர் வியோலா, வினைல் குளோரைடு எலிகளுக்குப் புற்று உண்டாக்குவதை 1970 இலேயே அறிஞர் பேரவையில் கூறிவிட்டார். போலோன்யா நகரத்து மால்டோனி, ஐரோப்பிய நிறுவனங்களுக்காக நடத்திய ஆய்வில் எலிகளின் கல்லீரலிலேயே அந்தப் புற்றைக் கண்டார். அதுவும் குறைந்த அளவு வளியிலேயே. அமெரிக்க நிறுவனங்கள் அந்த முடிவை இரகசியக் காப்புறுதி கொடுத்துப் பெற்றுக்கொண்டன. 1973 இல் அரசின் தொழிற்சுகாதார நிறுவனம் விவரம் கேட்டபோது, தாமாக முன்வந்து அதைச் சொல்லவில்லை. இவை நாம் கற்பனை செய்தவையல்ல. நிறுவனங்களின் உள் ஆவணங்களே பின்னாளில் வழக்குகளில் வெளிவந்து, வரலாற்றாசிரியர் மார்க்கோவிட்சும் ராஸ்னரும் எழுதிய நூலில் விரிவாக இடம்பெற்றுள்ளன.

இந்தக் கதை ஆலைச் சுவருக்குள் அடங்கியதுமன்று. அதே வினைல் குளோரைடு வளியைத் தலைமயிருக்குத் தெளிக்கும் குப்பிகளில் உந்துவளியாக அடைத்து விற்றுக்கொண்டிருந்தனர். அழகு செய்துகொள்ளக் கண்ணாடி முன் நின்ற பெண்டிர் அதை மூச்சோடு உள்ளிழுத்தனர். 1974 இல் தடை வந்தது. பி.வி.சி. புட்டிகளில் அடைத்த மதுவில் இந்தப் பொருள் கசிந்து கலப்பது தெரிந்து, அத்தகைய புட்டிகளைத் தடை செய்ய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1973 இல் முன்மொழிந்தது. (மதுவே நஞ்சாயிற்றே, அதில் இன்னொரு நஞ்சு கலந்தாலென்ன என்று மதுவிலக்குத் தோழர்கள் நகைக்கலாம். குடிப்பவனுக்கும் தான் குடிப்பது இன்னதென அறியும் உரிமை உண்டு.)

பிறகு சட்டம் என்ன செய்தது? தொழிற்கூடக் காற்றில் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பை, 1974 இல் ஒரே பங்காகக் குறைத்தது. எழுந்தது கூக்குரல்! தொழிலே அழிந்துபோகும், இலட்சக்கணக்கானோர் வேலை இழப்பர், நாட்டின் பொருளாதாரம் குலையும் என்று நெகிழித் தொழில் சங்கத்தார் அலறினர். நீதிமன்றம் சென்றனர். 1975 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுடைய வாதத்தை ஏற்க மறுத்தது. தொழில் அழிந்ததா? இல்லை. எஞ்சிய வளியைப் பிரித்தெடுக்கும் முறையைப் பொறியாளர்கள் வகுத்தனர். குட்ரிச் நிறுவனமே அத்தகைய முறையை உருவாக்கிப் பிறருக்கு உரிமக் கட்டணத்திற்கு விற்றது. இயலாது, இயலாது என்று சத்தியம் செய்தவர், இயன்றதை விற்றுக் காசாக்கினார்! நம் ஊரில் ஒரு தொழிலதிபர் "இது நடைமுறைக்கு ஒவ்வாது" என்று பேசும்போதெல்லாம் நமக்கு லூயிவில் நினைவு வருகிறது.

சட்டம் வரும்போது அறிவியல் முற்றிலும் தீர்ந்த முடிவாக இருக்கவேண்டும் என்பது இன்னொரு தடைக்கல். பிஸ்பீனால்-ஏ என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். பாலிகார்பனேட் செய்ய இது வேண்டும். உணவு அடைக்கும் தகரக் குவளைகளின் உட்பூச்சிலும் இது உண்டு. பெண்மைச் சுரப்பை ஒத்த வேலையை உடலுக்குள் செய்யவல்லது. கனடா 2010 இல் குழந்தைகளின் பால்புட்டியில் இதைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் தடுத்தது. பிரான்சு ஒருபடி மேலே சென்று 2015 ஜனவரி முதல் எல்லா உணவுப் பொதிகளிலும் விலக்கியது. 2023 ஏப்ரலில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாள்தோறும் உடல் தாங்கக்கூடிய அளவெனத் தான் முன்னர்க் கூறியதை 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மானிய அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அறிஞரிடையே வாதம் நடந்தது. வாதம் நடப்பதுதானே அறிவியல்! வாதம் முடியட்டும், அதுவரை குழந்தைகள் குடிக்கட்டும் என்று ஐரோப்பியர் காத்திருக்கவில்லை. உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பீனால்-ஏ கூடாதென்ற சட்டம் 2025 ஜனவரி 20 இல் நடைமுறைக்கு வந்தது. தொழிலகங்கள் மாறிக்கொள்ளத் தவணையும் தந்தது.

அந்தச் சட்டத்தில் நம் கருத்தைக் கவர்ந்த பகுதி ஒன்றுண்டு. பிஸ்பீனால்-ஏ கூடாதென்றதும் உற்பத்தியாளர் பலர் பிஸ்பீனால்-எஸ் என்ற தம்பியை அழைத்துவந்தனர். புட்டியின்மேல் "பி.பி.ஏ. இல்லை" என்று பெருமையாக அச்சிட்டனர். தம்பியும் அண்ணனைப் போலவே நடந்துகொள்வதை ஆய்வுகள் காட்டின. ஆகவே புதிய சட்டம் ஒரு பெயரை மட்டும் தடுக்காமல், தீங்கானவை என வகைப்படுத்தப்பட்ட ஏனைய பிஸ்பீனால்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது. நம் நாட்டிலும் பால்புட்டிக்கு 2015 ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் பிஸ்பீனால்-ஏ கூடாதென்கிறது. குழந்தை வளர்ந்து புட்டியை விட்டுக் குவளைக்கு மாறியதும் அந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களில் பாலிகார்பனேட்டால் ஆனவையும் உண்டு. அவை திறந்த வண்டியில் வெயிலில் காய்ந்தபடி ஊர் சுற்றி வருவதை எல்லோரும் காண்கிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. உணவு கட்டும் தாள், தெர்மக்கோல் தட்டு, நெகிழி பூசிய காகிதக் குவளை, உறிஞ்சு குழல், தண்ணீர்ப் பாக்கெட், கைப்பை எல்லாம் அதில் அடக்கம். எவ்வளவு தடிமனாயினும் கூடாது என்றது ஆணை. பல மாநிலங்களை முந்திய நல்ல சட்டம், அதைப் போற்றுகிறோம். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியபோது, நம் பள்ளிப் பிள்ளைகளோடு நாமும் ஊர்வலம் சென்றோம்.

ஆனால் அந்த ஆணையிலேயே விலக்கு ஒன்று இருந்தது. தொழிற்சாலையிலேயே பொருளை அடைத்து மூடி வரும் பைக்குத் தடை இல்லை! தேநீர்க்கடைக்காரர் தேநீரைப் பையில் கட்டினால் குற்றம். பெருநிறுவனம் உருளைக்கிழங்கு வறுவலைப் பளபளப்பான பையில் காற்றோடு அடைத்தால் வாணிகம். 2020 ஜூனில் அந்த விலக்கை நீக்கித் திருத்தம் வந்தது, உண்மை. திருத்தம் ஏட்டில் இருக்கிறது. பெட்டிக்கடை வாசலில் சரஞ்சரமாகப் பாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டும் இருக்கின்றன.

டில்லியின் சட்டம் இதைவிடச் சுவையானது. ஒன்றிய அரசின் 2016 ஆம் ஆண்டு நெகிழிக் கழிவு விதிகளில் துணிவான வாக்கியம் ஒன்று இருந்தது. மறுசுழற்சி செய்ய இயலாத பல்லடுக்கு நெகிழியின் உற்பத்தியும் பயன்பாடும் இரண்டு ஆண்டுகளில் ஒழிக்கப்படவேண்டும் என்றது. பல்லடுக்கு என்றால் என்ன? ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை: நெகிழி ஓர் அடுக்கு, அலுமினியம் ஓர் அடுக்கு, மையும் பசையும் இடையிடையே. பிரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்கமாட்டார். இரண்டு ஆண்டு முடியும் தறுவாயில், 2018 மார்ச்சில், திருத்தம் ஒன்று வந்தது. ஒழிக்கப்படவேண்டியது "மறுசுழற்சி செய்ய இயலாத, அல்லது எரித்து ஆற்றல் பெற இயலாத, அல்லது மாற்றுப் பயன் இல்லாத" பல்லடுக்கு நெகிழி என்று ஆயிற்று. எரித்தால் எரியாத பாக்கெட் உண்டோ? சிமெண்டு ஆலைச் சூளையில் போட்டால் வெப்பம் தரும். ஆகவே அது பயனுள்ளது. ஆகவே அதை ஒழிக்கத் தேவையில்லை! கோட்டைச் சுவரை இடிக்கவில்லை; நாலு சொற்களால் ஒரு திட்டிவாசல் திறந்தார்கள், யானைகள் அதன்வழியே வரிசையாகச் சென்றுவிட்டன.

2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்ட பட்டியலில் காது குடையும் குச்சி இருக்கிறது, பலூன் குச்சி இருக்கிறது, உறிஞ்சு குழல் இருக்கிறது. பல்லடுக்குப் பாக்கெட் இல்லை.

இந்தச் சட்டங்களின் எடை யார் தோளில் விழுகிறது என்பதை நாம் வகுப்பறையிலேயே கண்டோம். எட்டாம் வகுப்பில் நெகிழி ஒழிப்புப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது ஒரு மாணவன் வெள்ளைத் தாளை நீட்டினான். முந்தின வாரம் அவனுடைய தந்தையின் இட்லிக் கடைக்கு அலுவலர் வந்து, பைக்கட்டைப் பறித்து 500 ரூபாய் தண்டம் விதித்துச் சென்றிருந்தனர். அன்றைய விற்பனையில் மிஞ்சியதைவிட அது அதிகம். "ஐயா, எங்கப்பா கடையில வாங்குனாரு. வித்த கடைக்கும் போகல, செஞ்ச கம்பெனிக்கும் போகலையே, ஏன் ஐயா?" என்றான். தந்தை செய்தது சரியென்று அவன் வாதாடவில்லை. முறையான கேள்வி, சட்டமன்றத்தில் கேட்கத்தக்க கேள்வி. கட்டுரைக்கு உரிய முழு மதிப்பெண்ணையும் அந்த ஒற்றை வினாவுக்கே அளித்தோம்.

சட்டத்தை எதிர்ப்போர் கூறுவதில் நியாயமும் சிறிது உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறை நம் கடலூர்ச் சீமையில் சின்னி கிருஷ்ணன் என்பவரின் முயற்சியால் வேர்கொண்டது. அதற்குமுன் ஷாம்பு செல்வர் வீட்டுக் குளியலறைப் பொருள். பெரிய புட்டி வாங்க இயலாத கூலிப் பெண்ணுக்கு, சில்லறைக் காசுக்கு அதே பொருளை எட்டச் செய்தது அந்தப் பாக்கெட். அதில் ஒருவகைச் சமத்துவம் இருந்தது. பாக்கெட்டைத் தடுத்தால் ஏழை மீண்டும் கடைக்கு வெளியே நிற்கவேண்டுமா? கூடாது. சிறுபொதி ஏழையின் தேவை. பிரிக்க முடியாத பல்லடுக்கு நெகிழி ஏழையின் தேவையன்று. அது விற்பவரின் வசதி. எண்ணெயை அளந்து ஊற்றிய நாட்டில், திருப்பிக் கொடுக்கும் புட்டியில் சோடா குடித்த நாட்டில், சில்லறைக் காசுக்குச் சிறிதளவு பொருள் விற்க வேறு வழியே இல்லை என்று கூறுவதை எப்படி நம்புவது? சிறு பட்டறைகளில் பை தயாரித்த தொழிலாளர் வேலை இழந்ததும் மெய். அவர்களுக்கு மாற்றுத் தொழிலும் கடனுதவியும் தருவது சட்டத்தின் பகுதியாகவே இருக்கவேண்டும். தடைக்கு அரசாணை, மறுவாழ்வுக்கு ஆறுதல் மொழி என்பது அரைகுறை நீதி.

நஞ்சின் கடைசிக் கணக்கு எங்கே தீர்க்கப்படுகிறது? 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை எழும், டையாக்சின் பிறக்கும். டையாக்சின்களுள் கொடியதைப் புற்றுநோய்க் காரணி எனப் பன்னாட்டு நிறுவனம் 1997 இலேயே உறுதி செய்தது. அந்தப் புகையை முதலில் உண்பவர் யார்? விளம்பரத்தில் பாக்கெட்டைக் கிழித்துச் சிரிக்கும் திரை நட்சத்திரமா? இல்லை. குப்பையைக் கையால் அள்ளிப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர். அந்தப் பணி எந்தச் சாதியின் தலையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்டுள்ளது என்பது இவ்வேட்டின் வாசகர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சேரிக்கு அருகில் குப்பைமேடும், குப்பைமேட்டுக்கு அருகில் சேரியும் அமைவது தற்செயல் என்று எவரேனும் கூறினால், மனு எழுதியதும் தற்செயல் என்பார்கள். பொதியைச் செய்யும் இடத்திலேயே நஞ்சைத் தடுக்காத சட்டம், அதை ஊர் முழுதும் சுற்றவிட்டு, இறுதியில் ஊரின் விளிம்பில் வாழ்பவர் நுரையீரலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

உலக அரங்கிலும் இதே நாடகந்தான். நெகிழி மாசுக்கு முடிவுகட்டப் பன்னாட்டு உடன்படிக்கை காண்பதென 2022 மார்ச்சில் நைரோபியில் முடிவாயிற்று. 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேசிப் பேசி, உடன்பாடின்றிக் கலைந்தனர். எண்ணெய் வள நாடுகள், குப்பையைப் பற்றிப் பேசுவோம், உற்பத்தியைப் பற்றியும் வேதிப்பொருள்களைப் பற்றியும் பேசாதீர் என்றன. உற்பத்திக்கு வரம்பு கட்டுவதை இந்தியப் பேராளரும் ஏற்கவில்லை. குப்பை நம்முடையதாம், ஆலை அவர்களுடையதாம்!

நாம் கேட்கும் சட்டம் வானத்து அமுதன்று. தென்கொரியா 2019 டிசம்பரில் பொதிப் பொருள்களில் பி.வி.சி.யைச் சில விலக்குகளோடு தடுத்தது. எண்ணெய் ஊறாமலிருக்கக் காகிதப் பொதிகளில் பூசும், எளிதில் அழியாத ஃப்ளூரின் சேர்மங்களை டென்மார்க் 2020 இல் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 2026 ஆகஸ்ட் 12 என்று நாள் குறித்துச் சட்டம் இயற்றியது. மஞ்சப்பைக்கும் காகிதத்துக்கும் மாறிவிட்டோம் என்று மகிழும் நமக்கு இதில் பாடம் உண்டு: காகிதத்தின் மேல் பூசியது எது என்பதையும் கேட்கவேண்டும். தாலேட், பிஸ்பீனால், ஈயம், காட்மியம் முதலியவை உணவைத் தொடும் எந்தப் பொதியிலும் கூடா எனக் குடும்பம் குடும்பமாகப் பெயர் சொல்லித் தடுக்கட்டும். பாக்கெட்டில் உள்ள பண்டத்தின் உட்பொருளை அச்சிடுவதுபோல், பாக்கெட்டின் உட்பொருளையும் அச்சிடட்டும். தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு செய்பவருடையதாக இருக்கட்டும். தீங்கானது என மெய்ப்பிக்க இட்லிக் கடைக்காரரின் மகன் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் நிற்கவேண்டாம். "எரித்து ஆற்றல் பெற இயலாத" என்ற அந்தச் சொற்களை 2016 ஆம் ஆண்டு விதியிலிருந்து அடித்துவிட்டாலே பாதி வேலை முடியும்.

இதற்குமுன் ஒவ்வொரு படிப்பகத் தோழரும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய், தமிழிலேயே எழுதலாம், முப்பது நாளில் விடை தரவேண்டும். உங்கள் நகராட்சிக்கு ஒன்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்றும் எழுதுங்கள். 2019 ஜனவரி 1 முதல் நெகிழித் தடையை மீறியதாக எத்தனை பேருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது? அவர்களுள் தெருக்கடைக்காரர் எத்தனை பேர், மொத்த வணிகர் எத்தனை பேர், உற்பத்தியாளர் எத்தனை பேர்? ஒவ்வொரு பிரிவினரிடமும் பெற்ற தொகை எவ்வளவு? மூடப்பட்ட ஆலைகள் எத்தனை, மீண்டும் திறக்கப்பட்டவை எத்தனை? பறித்த பைகள் எங்கே கொண்டுசெல்லப்பட்டன, எரிக்கப்பட்டனவா, எந்தச் சூளையில்? விடைகள் வந்ததும் இவ்வேட்டுக்கு ஒரு படி அனுப்பிவையுங்கள். நம் ஊருக்கான மனுவை நாம் நேற்றே அஞ்சலில் சேர்த்துவிட்டோம். அந்த எட்டாம் வகுப்பு மாணவன்தான் உறையின்மேல் முகவரி எழுதினான்.